கொடியின் இன்னொரு பாதி

இயக்குநர் அறைச் சுவரில் ஒன்பது புகைப்படங்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்பதிலும் இயக்குநரே இருந்தார். டைனோசர் முட்டையோடு இயக்குநர், விண்கல்லோடு இயக்குநர், ஏதோ ஒரு மிருகத்தின் தொடை எலும்போடு இயக்குநர். எல்லாவற்றையும் பிரசவ வார்டில் குழந்தையை வாங்கிக்கொண்ட அப்பா போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சிரித்தார். பத்தாவது இடத்தில் ஓர் ஆணி மட்டும் சும்மா இருந்தது.

"நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. அதுக்குள்ள உங்க ரிப்போர்ட் வேணும்," என்றார் அவர். "யார் எடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நீங்க அதை எழுதிக் கையெழுத்து போட்டா போதும். சிம்பிள்."

'சிம்பிள்' என்ற சொல்லைக் கேட்டால் அண்ணிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறும். நல்ல வேளையாக முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணன் மனைவி. ஒரு சலவைக்கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நான் உதவியாளன். இதற்கு முன் இரண்டு வேலைகளிலிருந்து என்னைத் துரத்தியிருக்கிறார்கள். இதிலிருந்து மட்டும் துரத்த முடியாது, சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் சாப்பிட்டாக வேண்டும்.

"காணாமப் போனது என்ன சார்?" என்றார் அண்ணி.

"ஒரு கொடி. முப்பது கோடி வருஷத்துக்கு முந்தினது. சதுப்புக் காட்டுல மரத்து மேல ஏறினது, அப்படியே கல்லுக்குள்ள படிஞ்சிடுச்சு. கல்லைப் பிளந்தா ரெண்டு பாதி வருமில்லையா? ஏ, பி-ன்னு பேரு. பி கீழ ஸ்டோர்ல, டிராயர்ல இருந்தது. முந்தாநாள் பார்த்தா இல்ல. ஏ மேல ஷோகேஸ்ல பத்திரமா இருக்கு."

அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை.

"டிராயர் சாவியை எடுக்கறவங்க இதுல கையெழுத்து போடணும்." இயக்குநர் ஒரு நீளமான பதிவேட்டைத் தள்ளினார். "புரட்டிப் பாருங்க. ஆறு வருஷமா ஒரே ஆள் கையெழுத்துதான். ஃபாஸில் சுத்தம் பண்ற அம்மா. ஊசியக்கான்னு கூப்பிடுவாங்க. நாலு மணிக்கு வேலை நீக்கம், அஞ்சு மணிக்குப் போலீஸ். நாளைக்கு வெளிநாட்டுல இருந்து ஒரு நிபுணர் வேற வர்றார். என் மானம் போகுது."

"நிபுணர் எதுக்கு வர்றார்?"

"ரெண்டு பாதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணுமாம். போன மாசமே கடிதம் எழுதிட்டார்."

மணி ஒன்றே முக்கால். அண்ணி பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

*

அருங்காட்சியகத்தின் மேல்தளம் கண்ணாடியும் கம்பளமுமாக மினுங்கும். கீழ்த்தளத்தில் டியூப்லைட்டும் இரும்பு டிராயர்களும்தான். நடுவில் ஒரு மேஜை. தலையில் பூதக்கண்ணாடி மாட்டிய ஐம்பது வயது அம்மா ஒருவர், ஊசியால் கல்லைத் துகள் துகளாக நிமிண்டிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்தில் வேலை போகப்போகிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"உட்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அது மேல மீன் இருக்கு," என்றார் நிமிராமல்.

நான் உட்காரப்போன இடத்தில் நிஜமாகவே ஒரு கல் மீன் இருந்தது. பல கோடி வருஷம் தப்பிப் பிழைத்தது, என்னிடமும் தப்பியது.

"நீங்க எடுத்தீங்களா?" என்று அண்ணி நேராகவே கேட்டார்.

ஊசி நின்றது. "பத்தொன்பது வருஷம் இந்த நாற்காலியில இருக்கேன். என் கையில ஒரு இலை நுனி உடைஞ்சதில்ல. என் பொண்ணும் இதே படிப்புதான் படிக்கிறா. என்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போனா, அவ எந்தக் காலேஜ்ல போய் எந்த முகத்தோட நிப்பா? எனக்கு இந்த வேலை போறது கூடப் பெருசில்ல." குரல் உடைந்தது. அவருக்கே பிடிக்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் எடுக்கலங்க."

அண்ணி கண்ணாடியைக் கழற்றவில்லை.

"அந்தக் கொடி என்ன அவ்வளவு உசத்தி?" என்று நான் பேச்சை மாற்றினேன். அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பசிக்கும், அதனால் பையிலிருந்த க்ரீம் பிஸ்கட் பொட்டலத்தையும் பிரித்தேன்.

அவ்வளவுதான், அந்த அம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. "அந்தக் காலத்துச் சதுப்புக் காட்டுல பத்து மாடி உயரத்துக்கு மரம். கீழ வெளிச்சமே வராது. வெளிச்சம் வேணும்னா தண்டைத் தடியா வளர்க்கணும், அதுக்கு எங்க நேரம்? இந்தக் கொடி என்ன பண்ணுச்சு தெரியுமா? இலை நுனியில குட்டிக் குட்டியா கொக்கி வச்சுக்கிச்சு. பக்கத்து மரத்துப் பட்டையில மாட்டி மாட்டி மேல ஏறிடுச்சு."

"அடுத்தவன் முதுகுல ஏறி மேல போறது. எங்க பழைய மேனேஜர் மாதிரி."

"மேனேஜரை எல்லாம் இதோட சேர்க்காதீங்க, இது உழைச்சு ஏறுது," என்றார் கறாராக. "சாதாரணமா கொடி தனியா கிடைக்கும், மரப்பட்டை தனியா கிடைக்கும். ஏறிச்சுன்னு நாமளா ஊகிக்கணும். இந்த ஒரு கல்லுலதான் கொக்கி பட்டையைப் பிடிச்ச பிடியிலயே இருக்கு. அந்த இலை எல்லாம் இப்ப கரி. முடி கனத்துக்கு ஒரு கறுப்புப் படலம். கல்லைப் பிளக்கும்போது அந்தப் படலம் இந்தப் பாதியில கொஞ்சம், அந்தப் பாதியில கொஞ்சம்னு பிரிஞ்சு ஒட்டிக்கும். உங்க கையில இருக்கே, அது மாதிரி."

நான் அப்போதுதான் ஒரு பிஸ்கட்டைத் திருகிப் பிரித்திருந்தேன். க்ரீம் முழுக்க ஒரு பக்கம் போய்விட்டது. வழக்கம் போல மொட்டைப் பக்கத்தை அண்ணியிடம் நீட்டினேன். வழக்கத்துக்கு மாறாக அண்ணி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பாதியையும் ஏன் ஒண்ணா வைக்கல?"

"எங்க தொழில்ல வைக்க மாட்டோம். தண்ணி புகுந்தாலும் தீப்பிடிச்சாலும் ஒண்ணாவது பிழைக்கணும். அதனால ஒண்ணு மாடியில, ஒண்ணு இங்க."

என்னையும் என் அண்ணனையும் ஒரே அறையில் விடாமல் அண்ணி பார்த்துக்கொள்வதும் இதே கொள்கைப்படிதான்.

"மாடியில இருக்கிற பாதியைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"கல்லு வந்த வருஷம் பார்த்தது. ஆறு வருஷம் ஆச்சு. எங்களை மேல விட மாட்டாங்க. உடம்பெல்லாம் கல்தூசியாம், கம்பளம் பாழாயிடுமாம்." மேஜை இழுப்பறையைத் திறந்தார். "ஆனா பி-யைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. நிபுணர் வர்றாரேன்னு போன வாரம்தான் படம் எடுத்து வச்சேன்."

படம் என்றால் கேமரா படம் இல்லை. டிரேசிங் பேப்பரைக் கல் மேல் வைத்துப் பென்சிலால் எடுத்த நகல். கொடியின் ஓரங்கள் மெல்லிய கோடு. கரி எங்கெல்லாம் ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் கறுப்புத் தீட்டு. இலை இலையாக, கொக்கி கொக்கியாக, ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு சல்லிக்கும் பிரயோஜனம் இல்லை என்று நான் நினைத்தேன். காணாமல் போன ஆளின் போட்டோ கையில் இருந்தால் ஆள் கிடைத்துவிடுவானா?

"இதை நான் எடுத்துட்டுப் போகலாமா?" என்றார் அண்ணி.

"தாராளமா. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க," என்று ஊசியக்கா இன்னொரு நோட்டை நீட்டினார்.

*

மாடிக் கூடத்தில் பாதி இடத்தைச் சதுப்புக் காடு அடைத்துக்கொண்டிருந்தது. ஃபைபர் மரங்கள், பிசின் ஊற்றிச் செய்த கறுப்புத் தண்ணீர், மேலே கம்பியில் பருந்து அளவுக்கு ஒரு தட்டான். ஏணியின் உச்சியில் ஒருவர் தட்டானின் இறக்கைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். மாடல் மாஸ்டர். அந்தக் காட்டின் கடவுள் அவர்தான் என்பது அவர் தூரிகை பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

காட்டுக்கு எதிரே, தாழ்வான கண்ணாடிப் பெட்டிக்குள் ஏ படுத்திருந்தது. சாம்பல் நிறக் கல், அதில் கறுப்பாகக் கொடி. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. மரப்பட்டையில் கட்டம் கட்டமாகத் தழும்பு, அதன் மேல் ஒரு சின்னக் கொக்கி விடாப்பிடியாக மாட்டிக்கொண்டு நின்றது.

அண்ணி டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டார். பி என்பது ஏ-யின் எதிர்ப்பக்கம், அதனால் திருப்பினால்தான் பொருந்தும். கண்ணாடி மேல் விரித்து, நேர் மேலிருந்து குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன்.

கோட்டுக்குக் கோடு சரியாக உட்கார்ந்தது. கறுப்புக்குக் கறுப்பும் உட்கார்ந்தது. மூன்றாவது இலையில் பாதி கறுப்பு, பாதி வெறுமை, பேப்பரிலும் அப்படியே. எனக்குப் பரம சந்தோஷம்.

"அச்சு அசல்! ஊசியக்கா கை கையே இல்ல அண்ணி, மிஷின்!"

"பிஸ்கட் மிச்சம் இருக்கா தம்பி?"

ஒன்றுதான் இருந்தது. கண் கலங்கக் கொடுத்தேன். அண்ணி அதைத் திருகிப் பிரித்தார்.

"இந்தப் பக்கம் என்ன?"

"க்ரீம்."

"இந்தப் பக்கம்?"

"மொட்டை."

"இதுல க்ரீம் இருக்கிற இடத்துல அதுல இருக்காது. பி-யில கரி எங்க ஒட்டிச்சோ, ஏ-வுல அங்க வெறுமையா இருக்கணும். ஓரம் பொருந்தலாம், கறுப்பு பொருந்தவே கூடாது. இங்க ஒவ்வொரு தீட்டும் பொருந்துது. ரெண்டு பக்கமும் முழு க்ரீம் இருந்தா, அது ஒரே பிஸ்கட்டோட ரெண்டு பக்கம் இல்ல தம்பி."

நான் கல்லையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தேன். "அப்ப இது…"

"பி மேல ரப்பரை ஊத்தி உரிச்சு எடுத்தா, அந்த ரப்பரே ஏ மாதிரி வரும். உருவம் சரியா வரும், நிறம் வராது. செஞ்ச ஆள் நிறத்துக்கும் பி-யைப் பார்த்தே தீட்டியிருக்கார். நாம பி-யைத் தேடிட்டு இருக்கோம். முதல்ல காணாமப் போனது ஏ." அண்ணி கண்ணால் ஏணியைக் காட்டினார். "உங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்தானே? இப்ப உதவட்டும்."

என் வாழ்க்கையில் யாரும் என் வாயை உதவிக்குக் கேட்டதில்லை. குரலை உயர்த்தினேன்.

"என்ன அண்ணி, இந்தக் கல்லு இவ்வளவு மட்டமா இருக்கு? எல்.கே.ஜி. புள்ள கரியால கிறுக்கின மாதிரி!"

மேலே தூரிகை நின்றது.

"இலையா இது? எருமை மென்னு துப்பின மாதிரி இல்ல?"

ஏணி தடதடவென்று ஆடியது. மாடல் மாஸ்டர் வார்னிஷ் டப்பாவோடு இறங்கி வந்து என் மூக்குக்கு முன்னால் நின்றார்.

"எங்க மட்டமா இருக்கு? காட்டுய்யா! எந்த இலை? எட்டு நாளு! மூணு முடி பிரஷ்ல ஒவ்வொரு நரம்பா இழுத்திருக்கேன்! நிஜத்தையும் இதையும் பக்கத்துல வச்சா அந்தக் கல்லுக்கே குழப்பம் வரும்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிரமாதமான வேலை மாஸ்டர்," என்றார் அண்ணி உண்மையான மரியாதையோடு. "யார் செய்யச் சொன்னாங்க?"

மூன்று மாதமாக ஒரு பாராட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்த மனிதர். பொலபொலவென்று கொட்டிவிட்டார். இயக்குநர்தான் சொன்னாராம். ஒரிஜினலைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்தாகிவிட்டது, மக்கள் பார்வைக்கு நகல் போதும், வெளியே மூச்சு விடக்கூடாது என்றாராம். பார்த்துச் செய்வதற்கு பி-யைத் தன் கையாலேயே கொண்டுவந்து, தன் கையாலேயே திருப்பி எடுத்துப் போனாராம்.

"ஏ-வைக் காட்டச் சொல்லிக் கேட்கலையா?"

"கேட்டேன். பெட்டகம் மூடியாச்சுன்னாரு."

"பதிவேட்டுல அவர் கையெழுத்தே இல்லையே?"

"அவர்கிட்ட தனிச் சாவி இருக்கு மேடம். இயக்குநர் போய் நோட்டுல கையெழுத்து போடுவாரா?"

ஆக, ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் திருடியாகிவிட்டார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"நம்மளைக் கூப்பிட்ட ஆளே செஞ்சாருன்னா, நம்மளை எதுக்குக் கூப்பிட்டாரு?"

"குழு ஒரு துப்பறிவாளர் ரிப்போர்ட் கேட்டிருக்கும். போன மாசம் பேப்பர்ல நம்மளைப் பத்தி ஒரு செய்தி வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. காணாமல் போன பூனையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி, வேறு யாருடைய பூனையையோ ஒப்படைத்த செய்தி. பூனையைப் பிடித்தது நான். ஊரிலேயே மட்டமான ஏஜென்சி வேண்டுமென்று தேடி எங்களிடம் வந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

அண்ணி சதுப்புக் காட்டின் கம்பித் தடுப்புக்குள் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "நாலு மணிக்குச் சொல்றேன்," என்றார்.

*

நாலு மணிக்குக் குழு மாடிக் கூடத்திலேயே கூடியது. அண்ணி அப்படித்தான் கேட்டிருந்தார். தலைவி ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் தலையாட்டும்போது தலையாட்ட இருவர் கூட வந்திருந்தார்கள். ஊசியக்காவும் வரவழைக்கப்பட்டார். கம்பளத்தில் அவர் நடந்த வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செருப்புத் தடம் விழுந்தது. இயக்குநர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ரிப்போர்ட் எங்க?"

அண்ணி முதலில் பிஸ்கட்டைக் காட்டினார், பிறகு டிரேசிங் பேப்பரை. நீதிபதி அம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிரும்போது முகம் மாறியிருந்தது. ஊசியக்காவுக்கு ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. "ஐயோ, இது கல்லே இல்லையே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இயக்குநர் அசரவில்லை. "ஆமா, நகல்தான். பாதுகாப்புக்காக வச்சேன், தப்பா? ஒரிஜினல் பெட்டகத்துல இருக்கு. இந்தம்மா பி-யைத் திருடினதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கட்டும் சார்," என்ற அண்ணி காட்டுப் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், ஒரு சந்தேகம். அந்தப் பெரணிக்கு அடியில சேறு பூசின கல்லு ஒண்ணு கிடக்கே, அதுவும் உங்க வேலையா?"

"கல்லா?" மாஸ்டர் பதறிப்போய்த் தடுப்பைத் தாண்டிக் குதித்தார். "என் காட்டுல கல்லே கிடையாதும்மா! இது சதுப்பு! இலையும் சேறும் மட்டும்தான் மக்கி மக்கிக் கிடக்கும். இதுல கல்லு எங்கிருந்து வரும்? ஒரு வாரமா ஏணி மேல இருந்தேன், அதுக்குள்ள எந்த மடையன்யா…"

குனிந்து தூக்கினார். தட்டையான கல். திருப்பினார். மறுபக்கம் கறுப்பாகக் கொடி ஓடியது.

ஊசியக்கா ஒரே ஓட்டமாக ஓடி அதை வாங்கிக்கொண்டார். விரல் படாமல் எண்ணினார். "பதினொரு கொக்கி. எல்லாம் இருக்கு," என்றார் தழுதழுத்து.

"சதுப்புல கல்லு இருக்காதுன்னு இந்த அக்காவுக்குத் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும்," என்றார் அண்ணி. "இந்தக் கட்டடத்துல அது தெரியாத ஆளுதான் அங்க ஒளிச்சு வச்சிருக்கணும். சார், நீங்க இதுக்கு முன்னாடி எந்தத் துறையில இருந்தீங்க?"

"போக்குவரத்து," என்றார் நீதிபதி அம்மா, அவருக்குப் பதிலாக.

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாராவது பொய் சொல்லும்போது அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க மாட்டார்.

"ஏ பத்திரமா இருக்குன்னு சொல்லும்போது நீங்க என்னைப் பார்க்கல சார். சுவத்துல அந்த ஆணியைப் பார்த்தீங்க. பத்தாவது போட்டோ என்னாச்சு?"

இயக்குநர் பார்வையாளர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"டைமர் வச்சேன்," என்றார் கடைசியில். "பத்து செகண்ட். கல்லை ஏந்திட்டு நின்னேன். சிரிக்கலாம்னு… கை வழுக்கிடுச்சு."

"போட்டோ விழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"விழுந்துச்சு," என்றார் பரிதாபமாக. "நான் சிரிச்சுட்டு இருக்கேன். கல்லு முழங்காலுக்குப் பக்கத்துல இருக்கு."

பெட்டகம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நிபுணர் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நகல் அம்பலமாகிவிடும் என்றுதான் பி-யை ஒளித்து வைத்தாராம். ஏ அவருடைய அலமாரியில், பழைய காலணிப் பெட்டி ஒன்றில் இருந்தது. போய் எடுத்து வந்தார். ஊசியக்கா மூடியைத் திறந்தார். அந்த மனிதரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், நானும் சேர்ந்து திட்டத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. கம்பளத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சில்லு சில்லாக எடுத்துத் துப்பட்டாவில் அடுக்கினார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. நாற்பத்து மூன்று துண்டுகள்.

கடைசித் துண்டைக் கூடத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். பெருவிரல் அளவுதான் இருக்கும். அதில் மரப்பட்டையின் ஒரு கட்டம், அதன் மேல் அந்தச் சின்னக் கொக்கி.

"விடல பாருங்க," என்றார் என்னிடம். "இவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தும் பிடிச்ச பிடியை விடல." பிறகு அண்ணியிடம், "ஒட்டிடலாம்மா. ரெண்டு மாசம் ஆகும். நிபுணர்கிட்ட இன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பி-யை மட்டும் வந்து பார்க்கட்டும்."

நீதிபதி அம்மா ஊசியக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். தலையாட்டும் இருவரும் அதற்கும் தலையாட்டினார்கள். போலீசுக்குப் போன் போட வேண்டுமா, ராஜினாமா போதுமா என்று மூவரும் ஓர் ஓரமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

ஊசியக்கா எழுந்து, துப்பட்டா மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணியிடமிருந்து சாவிப் பதிவேட்டை வாங்கினார். 'ஏ, நாற்பத்து மூன்று துண்டுகள், பெற்றுக்கொண்டேன்' என்று நிதானமாக எழுதினார். தேதி போட்டார், நேரம் போட்டார், கையெழுத்துப் போட்டார். பிறகு பதிவேட்டைப் பெஞ்சின் மேல் வைத்து, பேனாவை இயக்குநரிடம் நீட்டினார்.

"கொடுத்தவங்களும் போடணும் சார்."

அவர் பேனாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போட்டார். ஆறு வருஷத்தில் அந்தப் பதிவேட்டில் விழுந்த இரண்டாவது ஆளின் கையெழுத்து அதுதான்.